பதில் வராவிட்டால் சம்மதம்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டியூ அக்கா. பைக் கடன் வாங்கியவர்கள் மாதத் தவணையை டியூ என்றுதான் சொல்வார்கள். அதை வசூலிக்க வருகிறவரைத் தூரத்தில் கண்டதுமே பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள். என்னைக் கண்டால் எங்கள் ஆட்களும் அப்படித்தான் திரும்புவார்கள். நான் யாரிடமும் பணம் கேட்டதில்லை. படித்துப் பார்த்து, கருத்து எழுதி, சொன்ன தேதிக்குள் திருப்பித் தாருங்கள் என்று தாளைத்தான் கேட்டேன்.

காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான ப்ரெஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். எந்த மெஷினில் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிய தாள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தொங்கும். அதில் ஒரு வரி மாறினாலும் சரி, எங்கேயாவது ஏதாவது நடந்து அதற்கு ரிப்போர்ட் எழுதினாலும் சரி, ப்ரொடக்‌ஷன், க்வாலிட்டி, மெயின்டனன்ஸ், சேஃப்டி, ஹெச்.ஆர். என்று ஐந்து துறைத் தலைவர்களும் படித்துப் பார்த்த பிறகுதான் அது செல்லும். அனுப்புவதும் திரும்ப வாங்குவதும் என் வேலை. அனுப்புவது சுலபம்.

மெயில் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல். நினைவூட்டி இன்னொரு மெயில் அனுப்பினால் அதே கிணற்றில் இன்னொரு கல். போன் செய்தால், "லைன்ல இருக்கேன் மேடம், பத்து நிமிஷம்" என்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் சில பேருக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பிறந்திருக்கிறது. கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று பார்த்தேன். ஈரக் கையோடு யாரும் ஓட முடியாது என்று என் கணக்கு. ஈரக் கையோடு கையெழுத்துப் போட முடியாது என்று அவர்கள் கணக்கு. ஆயுதபூஜை அன்றைக்குப் பொரிப் பொட்டலத்தோடு நிலுவைத் தாளையும் சேர்த்து மேஜை மேஜையாக வைத்தேன். பொரியை எடுத்துக்கொண்டு தாளை அங்கேயே விட்டுப் போனார்கள்.

க்வாலிட்டி தலைவர் என்னோடு சிங்கப்பெருமாள் கோவிலில்தான் கம்பெனி பஸ் ஏறுவார். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வருவார். ஒரகடம் கூட்டுரோட்டு சிக்னலில் பஸ் நிற்கும்போது கண்ணைத் திறந்து, "ஓகேம்மா, போட்டுக்குங்க" என்பார். அவர் கேட்டாரா தூங்கினாரா என்று பஸ் டிரைவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது கையெழுத்து. அது கிடைத்தது.

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒருவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாங்கள் அனுப்பும் தகடு ஒரு மணி நேரம் தாமதமானால் கார் கம்பெனியின் லைன் நின்றுவிடும். அங்கிருந்து போன் வந்தால் எங்கள் ப்ரொடக்‌ஷன் தலைவர் இருக்கிற இடத்திலேயே எழுந்து நின்றுதான் பேசுவார். இந்த ஓட்டத்துக்கு நடுவில் நாலு பக்கம் படிப்பது என்பது வேலை இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று அங்கே எல்லோருக்கும் மனசுக்குள் ஓர் எண்ணம் விழுந்திருந்தது. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. எனக்குமே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஒரு தடவை வெல்டிங் வேலைக்கான தாளோடு, கேன்டீனில் அந்த வாரம் என்னென்ன சமையல் என்கிற தாளையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பிவிட்டேன். தெரியாமல் செய்ததுதான். நாலு பேரிடமிருந்து 'நோ கமெண்ட்ஸ்' என்று வந்தது. மெயின்டனன்ஸ் தலைவர் மட்டும் ஓரத்தில், புதன்கிழமை உப்புமா வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை. ஒரு பக்கமாவது படித்தாரே.

அந்த வீணாய்ப் போன கட்டைக் குப்பையில் போடப் போனபோதுதான் அந்தப் பெண் என்னிடம் முதலில் பேசினாள். ப்ரெஸ் லைனில் ட்ரெயினி ஆபரேட்டர். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வல்லம் ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தாள். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, பின்னாடி வெள்ளையாத்தான இருக்கு. நான் எடுத்துக்கிடட்டுமா? நோட்ஸ் எழுதிக்கிடுதேன்."

எடுத்துக்கொள் என்றேன். மறுநாள் மத்தியானம் கேன்டீனில் என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா, வெல்டிங்குக்கு நடுவுல வெண்டைக்கா சாம்பார் வருது?"

எழுதுவதற்கு வெள்ளைப் பக்கம் வாங்கிப் போனவள் அச்சடித்த பக்கத்தையும் விடவில்லை. நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கெட்டுப்போன பிரிண்ட் எல்லாம் அவளுக்கு என்று எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அவளுக்கு மணி மணியான கையெழுத்து. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதுவதற்கு அப்படிக் கையெழுத்து உள்ள பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள்.

இதற்கிடையில் கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். என் நிலுவைகளைப் பார்த்தார்கள். இத்தனை தாள்கள் மாதக்கணக்கில் திரும்பி வராமல் கிடக்கின்றனவே என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் எங்கள் ப்ளாண்ட் ஹெட் யாரையும் திட்டவில்லை. அவர் திட்டுகிற ஆள் இல்லை. ஒரு வழி சொன்னார். அனுப்பிய நாளையும் சேர்த்து மூன்றாவது வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால், அந்தத் துறைக்குச் சம்மதம் என்று அர்த்தம். கம்ப்யூட்டரே அப்படி ஏற்றுக்கொள்ளும்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மௌனம் சம்மதம் என்பார்கள். அங்கேகூடப் பெண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கச் சொல்வார்கள். எங்கள் விதியில் அதுவும் வேண்டியதில்லை. இந்த விதியையே ஒரு தாளாக எழுதி, வழக்கப்படி ஐந்து பேருக்கும் கருத்துக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் மாலை அது தன்னைத் தானே ஏற்றுக்கொண்டது.

எனக்குச் சந்தோஷம்தான். கேன்டீன் குழாயடியில் நிற்கிற வேலை ஒழிந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பாக இருந்ததெல்லாம் தானாகப் பச்சையாயிற்று. அடுத்த தணிக்கையில் நிலுவை ஒன்றுகூட இல்லை என்று பாராட்டினார்கள். என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் மாட்டி, மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். க்வாலிட்டி தலைவர் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினார். அந்த ஹாட் பாக்ஸில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இட்லி இருக்கிறது.

ப்ரெஸ் லைன் ஓடும்போது ஆபீஸ் மேஜையில் வைத்த தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழகிப் போய் நாங்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்றைக்கு முன்பகல் ஷிப்டின் நடுவில் அந்த நடுக்கம் நின்றது. டீ இடைவேளைக்கு நேரமில்லை, கரண்டும் போகவில்லை. ஆபீஸில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கண்ணாடிக்கு வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்பதைப் பார்த்தோம்.

அந்தப் பெண்தான். அச்சுக்குள் ஒரு தகடு மாட்டிக்கொண்டிருக்கிறது. எடுக்கக் கை நீட்டியிருக்கிறாள். மெஷின் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டை விரலில் பாதி.

எனக்கு முதலில் தோன்றியது அவளுடைய கையெழுத்து. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைய முடியவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

விபத்து நடந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும். சேஃப்டி தலைவர் எழுதினார். அவர் அன்றைக்கு லைன் பக்கமே இல்லை. கேட்டு எழுதினார். நாலாம் பக்கத்தில் மூல காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ஆபரேட்டரின் கவனக்குறைவு. அதைச் சுற்றுக்கு விடச் சொல்லி எனக்கு அனுப்பினார்.

அந்த வரி என்ன செய்யும் என்று ஹெச்.ஆர். தலைவரிடம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"இ.எஸ்.ஐ. எல்லாம் எப்படியும் வந்துரும் மேடம், அதுல பிரச்சனை இல்ல. மெஷின் ஃபால்ட்டுன்னா நம்ம பொறுப்பு. ஸ்டோர்லயோ ஆபீஸ்லயோ ஒரு சீட்டு போட்டு வெச்சிக்குவோம், பர்மனென்ட் பண்ணுவோம். முன்னாடி ரெண்டு பேருக்குப் பண்ணிருக்கோம். அவ தப்புன்னா, ட்ரெயினிதானே. கான்ட்ராக்ட் முடியறப்ப முடிஞ்சுது."

அவளுடைய கான்ட்ராக்ட் முடிய அதிக நாள் இல்லை. இரண்டு விரல் இல்லாத பெண்ணை இந்த ரோட்டில் வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்? ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே என்ன இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள்: தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது, அதற்கும் விரல் வேண்டும்.

கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்காகவே முன்பக்கம் ஒரு சென்சார் உண்டு. அது ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் அந்த மெஷினில் தொங்கும் தாளை மூன்று தடவை மாற்றி மாட்டியவள். அதனால் கேட்கத் தெரிந்தது. ஷிப்ட் இன்சார்ஜைத் தேடிப் போனேன். விபத்து அவர் ஷிப்டில் நடந்ததால் இந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும், அதை எழுதிய சேஃப்டி தலைவருக்குப் பதில் அவரைக் கருத்துச் சொல்கிற ஐந்து பேரில் சேர்த்திருந்தார்கள். மாத்தூர்க்காரர். என்னைவிடச் சின்னவர்தான், இருந்தாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லைனில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தன் பைக்கிலேயே கொண்டுபோய் விடுகிற மனுஷன்.

அச்சு வைக்கிற ரேக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"சென்சார் ஆஃப்ல இருந்துச்சுகா. காலைலருந்து சும்மா சும்மா ட்ரிப் ஆயி மெஷின் நின்னுனே இருந்துது. கஸ்டமர் லைன் நிக்கப் போவுது, நிக்கப் போவுதுன்னு மேலருந்து ஒரே போனு. நான்தான் சாவி போட்டு பைபாஸ் பண்ணேன். அந்தப் பொண்ணாண்ட, பாத்துப் பண்ணும்மான்னு சொல்லினுதான் போனேன்."

"அதை அப்படியே கமெண்ட்ல எழுதுங்கண்ணா. ரெண்டு வரி போதும்."

"எழுதறேன்கா. எழுதாம இன்னா. நாளிக்கி அது மூஞ்சில முழிக்க வேணாமா."

கண் கலங்கித்தான் சொன்னார். அது நடிப்பில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

புதன்கிழமை காலை சுற்றுக்கு விட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. விதி வந்த பிறகு முதல் தடவையாகப் பழையபடி டியூ அக்காவாக ஓடினேன். க்வாலிட்டி தலைவர் பஸ்ஸில் என்னைப் பார்த்ததும், "அதான் தானா ஏறிடுமேம்மா, எதுக்கு அலையறீங்க?" என்றார். அது எனக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்துச் சொன்னார். மெயின்டனன்ஸ் தலைவரிடம், சென்சார் ட்ரிப் ஆகிறது என்று உங்களுக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். உப்புமாவைப் பற்றி எழுதிய அதே மனுஷர், "வாயால சொன்னா நான் எதுக்குங்க எழுதணும்? கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்தாங்களா?" என்றார். ப்ரொடக்‌ஷன் தலைவர் அறைக்கு வெளியே ஒரு முழு மத்தியானம் நின்றேன். கதவு திறந்தபோதெல்லாம் உள்ளே அவர் போனோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

இவர்கள் எழுதாவிட்டால் போகிறது என்று விட்டேன். எனக்கு வேண்டியது ஷிப்ட் இன்சார்ஜின் இரண்டு வரி. ஒருவர் மறுத்து எழுதினாலே ரிப்போர்ட் முடியாது. திரும்பக் கூட்டம் போட்டுப் பேசியே ஆக வேண்டும். அதுவும் விதிதான். புதன் சாயங்காலம் கேட்டேன். ஷிப்ட் முடித்து எழுதுகிறேன் என்றார். வியாழன் காலை கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறேன், இங்கிலீஷ் சரியாக வரவில்லை என்றார். தமிழிலேயே எழுதுங்கள், நான் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார். வியாழன் மாலை கேட்கப் போனபோது என்னைக் கண்டு ரேக்குக்குப் பின்னால் போனார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பயந்தவனுக்கு அவகாசம் கொடுத்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். எனக்கு வாய்த்த புத்தி அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்க்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அவளுக்காகத்தானே ஓடுகிறேன், வெள்ளிக்கிழமை முடியட்டும், நல்ல சேதியோடு போகலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் இன்சார்ஜ் லைனில் இல்லை. நாங்கள் அனுப்பிய தகட்டில் ஏதோ பிசிறு என்று மறைமலை நகர் பக்கத்துக் கார் கம்பெனியிலிருந்து சத்தம் போட்டார்களாம். நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம். போயிருக்கிறார். அந்தக் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு செக்யூரிட்டி மேஜையின் இழுப்பறைக்குள் அது கத்திக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்று மணிக்கு ப்ளாண்ட் ஹெட்டிடம் போனேன். திங்கட்கிழமை வரை நீட்டிக் கொடுங்கள், ஒரு முக்கியமான கமெண்ட் வர வேண்டியிருக்கிறது என்றேன்.

"யாரோடது?"

சொன்னேன்.

"என்ன கமெண்ட்?"

சென்சார் பைபாஸ் ஆகியிருந்ததாகச் சொன்னார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை.

"எழுதியிருக்காரா?"

"இல்ல சார். சொன்னார்."

"எழுதட்டும்மா. எழுதினா நானே கூட்டம் போடறேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே. ஒருத்தருக்கு நீட்டினா எல்லாருக்கும் நீட்டணும். இந்த சிஸ்டத்தைக் கொண்டுவந்ததே உங்க கஷ்டத்தப் பாத்துத்தானே."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. வெளியே வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்குக் கருத்து எழுதும் உரிமை கிடையாது. அனுப்புகிறவள் படித்து ஒன்று சொல்வாள் என்று அந்த சிஸ்டத்தைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. இருந்தும் எனக்குத் தெரிந்ததை ஒரு மெயிலாக எழுதி ஐந்து பேருக்கும் ப்ளாண்ட் ஹெட்டுக்கும் அனுப்பினேன். அந்தக் கிணற்றில் எத்தனையோ கல் போட்டிருக்கிறேன். இதற்கும் சத்தம் வரவில்லை.

ஐந்து மணிக்கு ரிப்போர்ட் பச்சையாயிற்று. ஐந்து பேரும் சம்மதம், ஒரு கருத்தும் இல்லை, குறித்த நேரத்தில் முடிந்தது என்று காட்டியது. பஸ் கிளம்ப ஹாரன் அடித்தார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி நடக்கும்போது ஷிப்ட் இன்சார்ஜ் போன் செய்தார்.

"இப்பதான்கா வெளிய வந்தேன். டைம் கீதா?"

"இல்லண்ணா. முடிஞ்சுபோச்சு."

அவர் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது.

"மனசுல எழுதி எழுதிப் பாத்துனேதான்கா இருந்தேன்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். தகட்டைப் பிரித்துக் கொடுக்க யார் போகிறீர்கள் என்று அன்றைய காலைக் கூட்டத்தில் கேட்டபோது அவரே கையைத் தூக்கினார் என்று பிறகு ஒருவர் சொன்னார். அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் ரேக்குக்குப் பின்னால் போகிறார். இப்போது அவரிடம் எனக்கு ஒரு நிலுவையும் இல்லை.

முடிந்த ரிப்போர்ட்டுக்கு அடுத்த வேலை ஒன்று உண்டு. இனி இப்படி நடக்காமலிருக்க, ப்ரெஸ் லைனில் உள்ள ஒவ்வொருவரும் அதைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். லைனில் யார் யார் என்பதைக் கம்ப்யூட்டர் தானே எடுத்துக்கொள்ளும். எல்லோரும் நின்றபடி போட்டார்கள். கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அவளுடையது. லைன் கணக்கில் அவள் பெயர் இன்னும் இருந்தது. அவள் விரல்களை அவளே கவனக்குறைவால் இழந்தாள் என்று படித்துப் புரிந்துகொண்டதாக அவளிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லிக் கேட்டது அந்தக் கம்ப்யூட்டர்.

பேரை எடுத்துவிடலாமா என்று ஹெச்.ஆரில் கேட்டேன். இன்னும் கம்பெனி ரோலில் இருக்கிறாள், எடுக்க முடியாது என்றார்கள். கான்ட்ராக்ட் முடிகிற அன்றைக்கு யூனிஃபார்மையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைக்க வருவாள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

வந்தாள். இளைத்திருந்தாள். வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துப்பட்டாவால் அதை மூடிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லாருக்கேன்க்கா என்றாள். நான் ஆஸ்பத்திரிக்கு வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கீழ ஹெச்.ஆர்ல சொன்னாவ. உங்ககிட்ட ஒரு கையெழுத்து பாக்கியாம்லா."

கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எல்லோரும் அதைத்தான் வாங்கிப் போட்டார்கள். அவளிடம் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. முழு ரிப்போர்ட்டையும் வைத்தேன். அவள் இடது கையால் தாளைத் திருப்பித் திருப்பி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மேஜையில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. நாலாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"சென்சார் அன்னைக்கு ஓடலயேக்கா. சார் சாவி போட்டத நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவுக எல்லாரும் ஆப்பிள் குடுத்தாவ, சாப்புட்டியான்னு கேட்டாவ. இதப்பத்தி ஒருத்தரும் கேக்கல." தாளை மறுபடி பார்த்தாள். "இதுல நான் எழுத எடம் இருக்காக்கா?"

"இல்லம்மா. இது முடிஞ்சுபோன ரிப்போர்ட். படிச்சேன்னு கையெழுத்து மட்டும்தான்."

"முடியுததுக்கு முன்னாடி?"

"முன்னாடி அஞ்சு பேருக்கு அனுப்புவோம். அவங்க எழுதலாம்."

"அந்த அஞ்சு பேரும் என்ன எழுதுனாவ?"

"யாரும் எழுதல. அவங்களுக்கு டைம் இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். குரலில் கோபமே இல்லை. கெட்டுப்போன பிரிண்ட் இருக்கிறதா என்று கேட்பாளே, அதே குரல்தான்.

"எனக்கு டைம் இருந்துச்சேக்கா. கட்டில விட்டு எந்திரிக்காம சும்மாத்தான கெடந்தேன். எனக்கு அனுப்பிருந்தா அன்னைக்கே படிச்சுக் குடுத்துருப்பேனே."

அவள் என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். என்னிடம் பதில் வரவில்லை. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்த பேனாவை இடது கையில் எடுத்து, முதல் வகுப்புப் பிள்ளை போல எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதி, தாளை நேராக அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.